யாரும் எழுதாத எல்லை

தேர்தல் செய்தி எழுதத் தலைநகரிலிருந்து வந்து, பனிச்சங்கேணிப் பாலத்தடித் தேநீர்க் கடையில் நிற்கிறேன். விடியல் பனியில் வாவி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரே மோட்டார் சைக்கிளில் வந்த உள்ளூர்ச் செய்தியாளர்கள் இருவர் மாகாண சபைத் தேர்தலைப் பற்றிப் பேசியபடி பிளேன்ரீ குடிக்கிறார்கள். மூத்தவர் முஸ்லிம், மற்றவர் தமிழர், அடுத்தடுத்த ஊர்க்காரர்கள்.

"என்ட ஊர் வேட்பாளர்ர பிழைகள நானா எழுதுவார். அவர்ட ஊர் ஆள்ர பிழைகள நான் எழுதுவன். சொந்த ஊரப் பத்தி எழுதினா வீட்டுக்குக் கல்லெறி விழும்" என்று, தான் 'நானா' என்றழைக்கும் மூத்தவரைக் காட்டிச் சிரிக்கிறார் இளையவர்.

"ரெண்டு ஊருக்கும் நடுவில வயல் எல்லைத் தகராறு எண்டு சொன்னாங்களே, அதை யார் எழுதுறது?" என்று கேட்கிறேன்.

இருவரும் வாவியைப் பார்க்கிறார்கள். பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் மட்டும் வருகிறது, தோணியைக் காணோம்.

"அந்த வயல் வட்டைய எழுத வெளியூர் ஆள் ஒராள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கம்" என்கிறார் நானா.

பிறகு எனக்கு இன்னொரு பிளேன்ரீ சொல்கிறார்.