ஒடிந்த நுனி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், என் கணவர் நர்சரியிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் மரக்கன்றைக் கொண்டுவந்தார். முழங்கால் உயரம், நான்கு அடுக்குக் கிளைகள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு கார் நிறுத்தும் அளவு இடம். துளசி, கறிவேப்பிலை, பவழமல்லி எல்லாம் அதற்குள்தான்.

"இது மலைல வளர்றதாச்சே. நம்ம வெயில் தாங்குமாங்க?" என்றேன்.

"பாத்துக்கலாம்" என்றார். முப்பது வருஷம் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவர். தனக்கென்று ஆசைப்பட்டு அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வருஷம் சித்திரையில், அவர் பேங்குக்குப் போயிருந்தபோது, துவைத்த கம்பளியைக் கொடியில் போட்டேன். கனம் தாங்காமல் கயிறு அறுந்து, ஈரக் கம்பளி அப்படியே மரத்தின் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நடு நுனி ஒடிந்து தொங்கியது. ஈர்க்குச்சி வைத்து, பச்சை நூலால் சுற்றிக் கட்டினேன். அவர் திரும்பி வந்ததும் காபி கொடுத்தேன். சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் நுனி பழுப்பாகிவிட்டது. "ஏன் காயுது?" என்றார்.

"வெயிலா இருக்கும்."

என்னை நம்பினார். அன்றைக்கே நிழல் வலை வாங்கிவந்து, உச்சி வெயிலில் ஸ்டூல் மேல் ஏறிக் கட்டினார். காலையும் மதியமும் தண்ணீர் தெளித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். நான் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை.

"வெயில் இல்லங்க. கம்பளி விழுந்து ஒடிஞ்சுது. நான்தான் நூலைச் சுத்தி மறைச்சேன்."

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப வேர்ல ஒண்ணும் இல்லையே? நான் ஆசைப்பட்டு இதை இந்த ஊருக்குக் கொண்டாந்து கொல்றேன்னு நெனச்சேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பொய்யால் நான் தப்பித்துக்கொண்டேன் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அந்தப் பழி யார் தலையில் போய் உட்கார்ந்தது என்று அதுவரை யோசிக்கவே இல்லை.

மழைக்குப் பிறகு, ஒடிந்த இடத்திற்குக் கீழே இரண்டு முளைகள் வந்தன. "ஒண்ணை வெட்டிடுங்க சார், இல்லன்னா ஷேப் போயிரும்" என்றார் நர்சரிக்காரர்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். "எதை?" என்றார். இடப்பக்கத்தது கொஞ்சம் தடிமன். வலப்பக்கத்தது நேராக இருந்தது. வெகுநேரம் நின்றோம்.

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்று உள்ளே வந்துவிட்டார்.

அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. இரண்டு நுனிகளும் இப்போது மதிலைத் தாண்டிவிட்டன. பின்தெருவிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டு மரம் என்றே நினைக்கிறார்கள்.