சந்தேகத்தின் பலன்

எங்கள் அண்ணன் திருவாலங்காட்டில், கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அரக்கோணத்திலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய்வந்து சட்டம் படித்தார். அவர் படிப்பதற்காக நான் எட்டாம் வகுப்போடு நின்றேன்.

அண்ணன் நீதிபதியான பின், அவர் கோர்ட்டில் ஏழைகள் வாய்தாவுக்கு அலைந்ததில்லை. திருத்தணி மலைக்கு வந்தால் பொது வரிசையில்தான் நிற்பார். யாரோ அனுப்பிய மாம்பழக் கூடையைத் திருப்பி அனுப்பினார். அதற்குள் அண்ணி ஒரு பழத்தைக் கடித்திருந்தார். அதே ரகத்தில் ஒன்று வாங்கிக் கூடையில் வைக்கச் சொல்லிவிட்டார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். கனகம்மாசத்திரம் அருகே அவர் வண்டியில் ஒருவர் அடிபட்டு இறந்தார். வழக்கு அண்ணனிடம் வரவில்லை. ஆனாலும் அது முடியும்வரை அண்ணன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இடையில் அம்மா எங்கள் வீட்டில் இறந்தார். அண்ணன் நேராகச் சுடுகாட்டுக்கு வந்து, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினார்.

என் வீட்டுக்காரர் விடுதலையான அன்று இனிப்போடு அண்ணன் வீட்டுக்கு ஓடினோம். தீர்ப்பை நின்றபடியே படித்தார்.

"சந்தேகத்தின் பலன்னு போட்டுகீறாங்க. சாட்சி பத்தல, விட்டுட்டாங்க. தப்பே பண்ணலன்னு எங்க எழுதிகீது?"

"லைட் இல்லாத சைக்கிள்ல செத்தவருதாண்ணா குறுக்க வந்தாரு."

"நீ பாத்தியா?"

இனிப்பை அவர் தொடவில்லை. இது உறவில் பரவியது. விசேஷ வீடுகளில், "வாய்யா சந்தேகத்தின் பலன், சாப்ட்டியா?" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன் யாரையும் தடுக்கவில்லை.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணியும் போன பிறகு பக்கவாதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

"பாவா, என் தோள புடிச்சிகினு திரும்புங்க," என்பார் என் வீட்டுக்காரர்.

"லாரி ஓட்ற மாதிரி தூக்காத. சாவடிச்சிடப் போற."

"ஆங், ஹாரன் அடிச்சிகினே தூக்கறேன் பாவா."

சாவதற்குச் சில நாள் முன்பு கேட்டேன்: "அண்ணா, அவுரு தப்பு பண்லன்னு ஒரு வார்த்த சொல்லுண்ணா."

"அப்பீல் டைம் முடிஞ்சிபோச்சிம்மா," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், மாலையோடு வந்த நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசிவரை அண்ணனைத் துடைத்து, குளிப்பாட்டி, கொள்ளியும் வைத்த என் வீட்டுக்காரருக்குத் தனியாக நன்றி. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் சட்டம் தெரிந்த நீங்கள் எல்லோரும் படிக்கும் அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் குற்றம் செய்யாதவர்.