எதிர் ஊர்ப் பிள்ளைகளைப் புகழ்கிற நாற்காலி

சங்கரன்கோவிலில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் வந்து பாக்ஸ் கட்டிக் கொடுப்பேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் காதில் தங்கிவிடும். தறி ஓட்டுகிற ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு நாள் சொன்னார்: "அவரு கோவப்பட்டா தறி நின்ன மாதிரி அண்ணாச்சி. சத்தம் இல்லாம இருக்கதுதான் பயம்." இதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடுகூட இரண்டாம் பட்சம்தான்.

இப்படிச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுவதற்கு எனக்கு ஒரு இடம் இருந்தது. காலேஜ் கபடி.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஒரு சுற்று வைத்து ஆடிவந்தன. நாங்கள், வாசுதேவநல்லூர், புளியங்குடி, இளையரசனேந்தல் பக்கத்தில் ஒன்று என்று எல்லாம் கிட்டத்து ஊர்கள்தான். காலையில் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு, சாயந்திரம் அவனவன் வீட்டில் வந்து குளிக்கலாம். அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. "நம்ம மேட்சு" என்போம்.

அந்தச் சுற்றில் ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப வருசத்துக்கு முன்னால் மைக்கில் ஒருவன் எதிர் ஊர்ப் பையனைக் கேலி பேசி, அடிதடியாகி, நாற்காலியெல்லாம் உடைந்துபோனது. அதிலிருந்து, மைக் மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் உள்ளூர்க்காரன், மற்றதில் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் வெளியூர்ப் பையன்களைத்தான் புகழ வேண்டும். வெளியூர்க்காரன் உள்ளூர்ப் பையன்களை. தன் பிள்ளையைத் தானே புகழக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அதற்குப் பிறகு சண்டை வந்ததில்லை.

எங்கள் ஊர்க் கல்லூரிக்கு மைக் பிடித்தது நான். வாசுதேவநல்லூர்க் கல்லூரிக்குப் பிடித்தவர் ஒரு அண்ணாச்சி. குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிறவர். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். சிரிக்காமல் பேசுவார், கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும். எங்கள் பையன் கபடி பாடிக்கொண்டு ரெய்டு போனால் அவர் சொல்லுவார்:

"சங்கரன்கோயில் பையன் வாரான் பாருங்க. பூ மார்க்கெட்டுல ஏலம் கேக்க வந்தவன் கணக்கா அவசரமே இல்லாம வாரான். எங்க பயலுவ என்ன வெல சொன்னாலும் இவன் எடுத்துட்டுத்தான் போவான். ஏலே, வழிய விடுங்கல, கூடையோட போகட்டும்!"

அவர்கள் ஊர் மூலை ஆட்டக்காரன் எங்கள் பையனின் காலைப் பிடித்தால் என் முறை:

"மடைய அடைச்சுட்டான்யா! வாசுதேவநல்லூர்க்காரன் அடைச்ச மடையில சொட்டுத் தண்ணி போவுமா? எங்க பையன் அங்கனதான் கெடக்கணும், மீனோட மீனா!"

இப்படிப் புகழ வேண்டுமென்றால் எதிர் ஊர்ப் பையன்களைத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வருசமும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நானும் அந்த அண்ணாச்சியும் போனில் பேசுவோம். யார் மகன், எந்தத் தெரு, எந்தக் காலை முதலில் நீட்டுவான், கூட்டாளிகள் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள், எதற்கு ரோசப்படுவான். வீட்டுக்காரி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நிற்பாள்.

"ஊரான் பிள்ளைக்கு இம்புட்டுப் பெருமை பேசுத மனுசன், நம்ம வீட்டுல ரெண்டு கெடக்கே, அதுகளுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா?" என்பாள்.

"நம்ம பிள்ளைய நாம புகழக் கூடாதுட்டி, சட்டம்" என்பேன்.

அந்த மேட்சும் அந்த நாற்காலியும் இல்லாமல் ஒரு வருசம் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

போன வருசம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ஆன்லைனில் விளையாட்டு காட்டுகிற கம்பெனி. தமிழ்நாடு முழுக்கப் பெரிய கல்லூரிகளாகப் பார்த்து ஒரு லீக் சேர்க்கிறார்கள். ஆட்டங்களை நேரலையாகக் காட்டுகிற உரிமையை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் பையன்கள் ஆடுகிற வீடியோவை திருப்பூரிலும் பம்பாயிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பார்க்கிறார்களாம். அதனால் எங்கள் கல்லூரியைக் கேட்டு வந்திருந்தார். கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள், கடைக்காரர்கள், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தம்பி மரியாதையாகப் பேசினார். புது மேட் வரும், ஷூ வரும், பையன்களுக்கு வேலை வாய்ப்பு வரும் என்றார். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார்.

நான் எழுந்து, "ஜெனரேட்டர் நாங்க போடணுமா, நீங்க கொண்டாருவீங்களா?" என்று கேட்டேன். அவர்களே கொண்டுவருவார்கள் என்றார். உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினோம்.

வாசுதேவநல்லூர் மேட்ச் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நினைப்பே வரவில்லை. மதுரைக்குப் புது பஸ் விட்டால் புளியங்குடி பஸ்ஸை நிறுத்தியா விடுவார்கள்? அது பாட்டுக்கு அதுவும் ஓடும், இது பாட்டுக்கு இதுவும் ஓடும் என்றுதான் அங்கே இருந்த அத்தனை பேரும் நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்து எங்கள் கல்லூரி பி.டி. சார் கடைக்கு வந்தார். பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவர். வந்து, வேலையே இல்லாமல் ஒரு ஒயரை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, லீக்குல சேர்ந்த டீம் வெளிய யாரு கூடயும் ஆடக் கூடாதாம்."

"அப்ப வாசுதேவநல்லூரு?"

"அதுவும் வெளியதானே."

"நட்புக்குன்னு ஒரு மேட்சு வச்சாலும்?"

"வச்சாலும். ஒப்பந்தத்துல இருக்கு." சுற்றிய ஒயரைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் கிரவுண்டு சத்தமும் அவங்க உரிமையாம். ஆட்டம் நடக்கும்போது நம்ம மைக் போடக் கூடாது. அவங்க கமெண்டரி சென்னையில இருந்து வருது" என்றார்.

நான் சரி என்றேன். "பாக்ஸ் வேணுமா சார்?" என்று கேட்டேன். வேணும், இடைவேளையில் விளம்பரம் போடுவதற்கு என்றார். அதற்கும் சரி என்றேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, கன்னம் இருக்கும், நம்முடையதாக இருக்காது. அப்படி இருந்தது. அப்படியே இரண்டு கல்யாணத்துக்குப் பாக்ஸ் கட்டினேன்.

நாங்கள் போனதும் சுற்று கலைந்துவிட்டது. வாசுதேவநல்லூர்க் கல்லூரியைக் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்த இன்னொரு லீக் கூப்பிட்டுக்கொண்டது. அதைக் காட்டுவது வேறொரு கம்பெனி. புளியங்குடிக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் டீமையே நிறுத்திவிட்டார்கள். இளையரசனேந்தல் பக்கத்துக் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறார்களாம். எங்கள் பையன்கள் ராத்திரி ரயில் ஏறிக் கோயம்புத்தூர் போய் ஆடினார்கள். பஸ்ஸில் கண்ணசந்து முழிப்பதற்குள் வந்துவிடுகிற வாசுதேவநல்லூரோடு ஆடவில்லை.

லீக்கின் முதல் உள்ளூர் ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. கேமரா, விளக்கு, கலர் மேட் எல்லாம் வந்திருந்தது. நான் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நல்ல கூட்டம். ஆனால் மைக் சத்தம் இல்லாமல் நம் ஆட்களுக்கு ஆட்டம் பார்க்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகப் போனை எடுத்து, கண் முன்னால் நடக்கிற ஆட்டத்துக்குச் சென்னைக் கமெண்டரியைக் காதில் வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அது கொஞ்சம் பிந்தி வரும். நம் பையன் பிடித்ததும் மைதானம் ஒரு தடவை கத்தும். மூச்சு வாங்கிவிட்டு, போனில் பிடித்ததும் மறுபடி கத்தும்.

"ஏலே, அவன் அவுட்டாகி வெளிய உக்காந்து தண்ணி குடிக்கான். இப்ப என்னத்துக்குல கத்துத?" என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவனைக் கேட்டார்.

"போன்ல இப்பத்தான் பிடிக்கான் மாமா."

"அப்ப அவன் இன்னும் குடிக்கலையால?"

சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சென்னையில் பேசிய தம்பியைக் குறை சொல்லக் கூடாது. தெளிவாகப் பேசினார். எல்லாப் பையன்களையும் ஒரே அளவாகப் பாராட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் வாசுதேவநல்லூர் அண்ணாச்சி போன் பண்ணினார். அவர்கள் லீக்கில் மைக் போடத் தடையில்லையாம்.

"என்ன வே, எப்படி இருக்கீரு?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"சனிக்கெழம இங்க மேட்சு. கடற்கரைக் காலேஜு வருது. அவங்கள்ட்ட மைக் பிடிக்க ஆள் இல்லையாம். அப்படி ஒரு வழக்கமே அவங்களுக்குத் தெரியாது. நாற்காலி சும்மா கெடக்கும். நீரு வாரும்."

"அவங்க ஆளா நான் வரணுமா?"

"யாரு ஆளா இருந்தா என்ன வே. எங்க பிள்ளைகள நான் எப்படிப் புகழ?"

போனேன். மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு மைக். விருந்தாளி டீமின் கோச் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு சார்?" என்றார். "உங்க ஆளுதான்" என்றார் அண்ணாச்சி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வாசுதேவநல்லூர் டீமில் மூன்றாம் வருசப் பையன்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வந்தபோது வாய் தானாகப் பேசியது. மற்றவர்கள் புதுப் பையன்கள். போனில் பேசி வைக்காத வருசம் அல்லவா. அண்ணாச்சி குனிந்து என் காதில் ஓதினார்: "டெய்லர் கடைக்காரன் மவன். இடது காலு. பேச்சே வராது, பாட்டு மட்டும் வரும்." அதை வைத்து நான் ஒப்பேற்றினேன். கூட்டம் சிரித்தது.

அவர்பாடுதான் கஷ்டமாகிப் போனது. விருந்தாளிப் பையன்களில் ஒருவனையும் அவருக்குத் தெரியாது. "ஏழாம் நம்பர் வாராரு. நல்லா வாராரு" என்றார். "ஏழாம் நம்பர் போயிட்டாரு" என்றார். இடைவேளையில் எழுந்து அந்தக் கோச்சிடமே போனார்.

"சார், உங்க பயலுவளப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஏழாம் நம்பரு யாரு மவன்?"

கோச் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "ஆப்புல எல்லா டீட்டெய்லும் இருக்குங்க. உயரம், எடை, பாயிண்ட் எல்லாம் போட்டிருக்கும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பார்வையில் பதில் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டாம் பாதியில் ஏழாம் நம்பர் வாசுதேவநல்லூர்ப் பையன்கள் மூன்று பேரை ஒரே மூச்சில் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் தாவினான். பழைய நாளாக இருந்தால் அதை வைத்தே அண்ணாச்சி அடுத்த ரெய்டு வரைக்கும் பேசியிருப்பார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். வாய் திறந்தது. "மூணு பாயிண்டு" என்று சொல்லிவிட்டு இறக்கினார்.

ஆட்டம் முடிந்து ஒயரைச் சுற்ற நானும் கை கொடுத்தேன். வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார்.

"அடுத்த மேட்சுக்கு நான் ஒருத்தனே பேசிருதேன் வே. உமக்கு எதுக்கு அலைச்சல்" என்றார்.

"யாரப் புகழுவீங்க?"

"எங்க பிள்ளைகளத்தான். வேற யாரத் தெரியும் எனக்கு?"

எங்கள் சட்டத்தை அவர் முறித்துவிட்டார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வேறு என்ன செய்வார் என்றுதான் தோன்றியது.

"அந்த மூணாம் வருசப் பயலுவ இந்தப் பரீட்சையோட போயிருவானுவ" என்றார் பிறகு. "அதுக்கப்புறம் உமக்கு எங்க டீம்ல ஒருத்தனையும் தெரியாது."

"தெரியாது அண்ணாச்சி."

"எனக்கும் உங்க பயலுவளத் தெரியாது. இந்த வருசமே யாரு ஆடுதான்னு தெரியல."

சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். புதுசாக இரண்டு நல்ல பையன்கள் வந்திருக்கிறார்கள். ஒருவன் எங்கள் ஊரில் திருவேங்கடம் ரோட்டில் பழக்கடைக்காரர் மகன், ரெய்டுக்குப் போகும்போது தன் நிழலைப் பார்த்துக்கொண்டே போவான். சொல்லி அவர் என்ன செய்யப் போகிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் வயலுக்கு அன்றைக்குத் தண்ணீர் முறை. பஸ் வருகிறவரை நிற்க முடியாது என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். "வாரேன் வே" என்றார். "சரி அண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் வந்து சேர்கிறவரைக்கும் நான் எதையும் நினைக்கவில்லை.