திறக்காத பக்கங்கள்

எங்கள் நிறுவனம் பம்ப் செய்து விற்கிறது. எந்த பம்ப் எப்போது மக்கர் பண்ணும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் கணினியில் குறிப்புப் பக்கங்களாக இருக்கும். யார் எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பதும் பறிப்பதும் ஒரே ஆளின் வேலை. அவரைப் பூட்டு அண்ணன் என்போம். முதலாளியே கேட்டாலும் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் திறந்துவிட மாட்டார். அவர் வீட்டில் சாப்பிட உட்காரவும் படிவம் வேண்டும் என்று கேலி செய்வோம். விலைப் பட்டியல் பக்கத்துக்காக என்னையே நான்கு நாள் அலையவிட்ட மனுஷன்.

அவர் மனம்விட்டுச் சிரித்துப் பேசுவது கையேட்டுக்காரரிடம் மட்டும்தான். பாதிக்கு மேற்பட்ட குறிப்புப் பக்கங்கள் அவர் எழுதியவை, அதனால்தான் அந்தப் பெயர். பூட்டு அண்ணனின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு வாரம் சாப்பாடு சுமந்தவரும் அவர்தான்.

ஆள் குறைக்கும்போது எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். முதலில் அனுமதியைப் பறிப்பார்கள், பிறகுதான் ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஆத்திரத்தில் யாரும் பக்கங்களை அழித்துவிடக் கூடாதாம். ஒரு நாள் காலை அண்ணனுக்கு வந்த பட்டியலில் கையேட்டுக்காரர் பெயர் இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த என் கண்ணிலும் பட்டது. பதினொரு மணிக்கு அனுமதியை எடுக்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சரியாகப் பதினொன்றுக்கு அண்ணன் எடுத்துவிட்டார்.

உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய மேலாளர் வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அதற்குள் கையேட்டுக்காரர் வந்து நின்றார்.

"அண்ணே, என் பக்கம் எதுவுமே திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"சர்வர்ல ஏதோ கோளாறு. பாக்கறேன்" என்றார் அண்ணன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கையேட்டுக்காரர் போய்க் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். வேறொரு கணினியிலும் முயன்றார். மறுபடி வந்தார்.

"நான்தாண்ணே பாஸ்வேர்டைத் தப்புத் தப்பா அடிச்சு லாக் பண்ணிட்டேன் போல. உங்க வேலையைக் கெடுக்கறேன், மன்னிச்சுக்குங்க."

அண்ணன் விசைப்பலகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நானும் மேஜை மேலிருந்த கோப்பைப் புரட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பன்னிரண்டரைக்கு மேலாளர் கூப்பிட்டார். பத்தே நிமிடத்தில் வெளியே வந்த கையேட்டுக்காரர் நேராக எங்களிடம் வந்தார்.

"எப்பண்ணே தெரியும்?"

"காலைலயே" என்றார் அண்ணன்.

"உள்ள போறதுக்கு முன்னாடிதான் வீட்டுல போன் பண்ணா. ஆள் குறைக்கறாங்களாமேன்னு பயந்தா. அப்படி ஏதாவது இருந்தா அண்ணனுக்குத் தெரியாம இருக்காது, என்கிட்ட சொல்லாம இருக்க மாட்டாருன்னு சத்தியம் பண்ணேன்."

அண்ணன் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனார். கையேட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.