கண்ணை மூடினால் விழுந்த என் மகள்

ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு செரிக்காது. அதனால்தான் எழுதுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு அந்த வாய் சாட்சி சொல்லட்டும்.

என் மூத்த மகள் ஜெனிட்டா ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் அது ஆரம்பித்தது. காலை அகட்டி வைத்து நடந்தாள். கடைத்தெருவில் என் கையை விடமாட்டாள். டீ டம்ளரைத் தூக்கினால் பாதி தரையில் கிடக்கும். முத்து முத்தாக இருந்த எழுத்து கோழி கிளறினமாதிரி ஆகிவிட்டது. பேச்சும் வாய்க்குள்ளேயே குழறியது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வாள். கரண்ட் போனால் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டாள்.

"கீழ பாத்து நடடி" என்று நான் கத்துவேன்.

"பாத்துதாம்மா நடக்குறேன்" என்பாள். அவள் கண் எந்நேரமும் தரையில்தான் இருந்தது. அதுதான் நோய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். கூட்டத்தை நடத்தும் லூர்து அக்கா தலையில் கைவைத்து ஜெபித்தால் சிலர் பரிசுத்த ஆவியின் வல்லமையால் பின்னால் சாய்வார்கள், தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும். நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜெனிட்டா கண்ணை மூடிக் கையை உயர்த்திய உடனே சாய்ந்துவிட்டாள்.

"நான் தொடக்கூட இல்ல ஸ்டெல்லா" என்றார் லூர்து அக்கா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆவியானவர் இந்தப் பிள்ளைய அப்படியே எடுத்துக்கிட்டாரு."

அடுத்த வெள்ளியும் விழுந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் விழுந்தாள். ஆவியின் அபிஷேகம் பெற்ற பிள்ளை என்று மற்ற தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை அவளிடம் கொண்டுவந்து கை வைக்கச் சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, பொய் சொல்வானேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் ஜெனிட்டா அழுதாள். "அம்மா, எனக்கு ஒண்ணும் வரலம்மா. கண்ண மூடுனா என் காலு எங்க இருக்குன்னே தெரியல. பயமா இருக்கு."

மறுவாரமே பள்ளிக்கூடப் படியில் உருண்டாள், நெற்றியில் தையல் போட்டார்கள். அன்று மாலை கோயிலில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "இது உம்முடைய அபிஷேகம் என்றால் என் பிள்ளைக்கு ஏன் தையல்? உம்முடையது இல்லை என்றால் என்னவென்று காட்டும். காட்டாமல் என்னை எழுப்பாதீர்." அவ்வளவுதான் ஜெபம்.

தையல் பிரிக்கப் போனபோது, அங்கிருந்த டாக்டர் அவள் நடந்துபோவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெத்தி ஆறிடுச்சு. நடைதான் சரியில்ல. நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னார். நானும் என் கணவர் ஆரோக்கியராஜும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அவளைக் கூட்டிப்போனோம்.

அந்த டாக்டரம்மா முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவே இல்லை. பாதத்தின் வளைவு தூக்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்தார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது ஜெனிட்டாவின் விரல் கன்னத்தில் போய் நின்றது. கடைசியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அவள் சாய்ந்தாள். டாக்டரம்மா தாங்கிப் பிடித்தார்.

நான் சும்மா இருக்காமல், "அது அபிஷேகம் டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இருக்கட்டும்மா. முகம் அலம்பறச்சே எதையாவது பிடிச்சுக்கறாளா? இருட்டுல நடக்கறாளா?"

குழாயைப் பிடித்துக்கொள்வதையும், கரண்ட் போனால் அசையாமல் நிற்பதையும் சொன்னேன்.

"கால் எங்க இருக்குங்கற சேதி மூளைக்குப் போகலை. கண்தான் பார்த்துப் பார்த்துச் சொல்லிண்டிருக்கு. மூடினா அதுவும் நின்னுடறது" என்றவர், "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

ஆயரிடம் அனுமதி வாங்கி நான் கட்டிக்கொண்டது என் அத்தை மகனைத்தான். சொன்னோம். இது பரம்பரையாக வரும் அட்டாக்ஸியா, நடை தள்ளாடும் நரம்பு நோய் என்றார். அம்மா அப்பா இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் கோளாறு, சொந்தத்தில் கட்டும்போது பிள்ளையிடம் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகமாம். வழக்கமாகப் பார்க்கும் வகை என்றால் போகப்போக நடை போய்விடும், இதயத்தையும் பிடிக்கும் என்றார்.

"மருந்து இருக்குங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

"அதை முழுசா நிறுத்தற மருந்து இல்லை. ஆனா அச்சு அசலா இதே மாதிரி இன்னொண்ணு வரும். உடம்புல வைட்டமின் ஈ தங்காது. அதுக்கு மாத்திரை இருக்கு. ரொம்ப அபூர்வம். ரத்தம் அனுப்பிப் பார்க்கலாம், ஆசையை வளர்த்துக்காதீங்கோ."

முடிவு வரும்வரை நான் தின்றது சோறா மண்ணா என்று தெரியாது. நோய் இல்லை என்று வரவேண்டும் என்றுதான் எல்லாரும் ஜெபிப்பார்கள். நான் ஒரு நோயின் பெயரைச் சொல்லி, அதைக் கொடும் ஆண்டவரே, அந்த அபூர்வமானதையே கொடும் என்று கெஞ்சினேன். பைத்தியக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை.

கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "வைட்டமின் ஈ இல்லவே இல்லைன்னு சொல்லலாம்மா. மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றார் டாக்டரம்மா. விரித்த சேலைகள் மேலேயே உட்கார்ந்து அழுதேன். சேலை எடுக்க வந்த அம்மா பாவம், யாரோ செத்துவிட்டதாக நினைத்து என் தலையைத் தடவினார்.

போனை வைக்கும் முன் டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். "வேற குழந்தைகள் உண்டா?"

உண்டு. சின்னவள் ஷெரின், ஆறு வயது. கட்டிப்போட்டாலும் நிற்காதவள். "அவ நல்லா ஓடி ஆடிக்கிட்டு இருக்கா டாக்டர், அவள எதுக்கு ஊசியால குத்தணும்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் விடவில்லை. கூட்டிப்போனோம்.

அவளுக்கும் அதேதான்.

நான் அழ ஆரம்பித்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். "அழாதீங்கோ. இவளை விழறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம்."

ஜெனிட்டா முழுக்கச் சரியாகிவிட்டாள் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. எழுத்து இன்னும் கோணல்தான். படியில் கைப்பிடி வேண்டும். ஆனால் நோய் மேலே ஏறாமல் நின்றுவிட்டது, பேச்சு தெளிந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். இரண்டு பேருக்கும் ஆயுளுக்கும் மாத்திரை உண்டு. சாப்பாட்டோடு நானே வாயில் போடுகிறேன். ஷெரினுக்கு இதுவரை ஒரு குறையும் வரவில்லை. லூர்து அக்கா இப்போது எந்தப் பிள்ளை சாய்ந்தாலும், "வீட்லயும் விழுறாளா?" என்று தாயிடம் கேட்டுவிட்டுத்தான் அல்லேலூயா சொல்கிறார்.

நான் ஒரு பிள்ளைக்காகத்தான் முழங்காலில் நின்றேன். இன்னொரு பிள்ளையும் ஆபத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காததையும் கொடுத்தவருக்கு நான் எதைக் கொண்டு நன்றி சொல்வேன்?

சகோதரிகளே, உங்கள் பிள்ளை தள்ளாடினால் நம்பிக்கையோடு கேளுங்கள், அவர் காட்டுவார். ஆனால் கேட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள். ஜெபமாலையைப் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம், மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.