பில்ஃபரேஜ் என்றால் பில்லு

அசன் முகம்மதுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் புரூஃப் பார்க்க சிவகாசியில் அவரை விட்டால் ஆளில்லை என்று அச்சாபீசில் சொல்வார்கள். கேட்கக் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு அச்சுக் கோக்க வந்தவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தே வளர்ந்த கண் அது. கம்ப்யூட்டர் வந்து ஈயமெல்லாம் காயலான் கடைக்குப் போன பிறகும் அந்தக் கண்ணுக்கு வேலை இருந்தது. ஒரு சொல்லை நாலு தடவை பார்த்துவிட்டால் ஐந்தாவது தடவை ஓர் எழுத்து குறைந்தாலும் பிடித்துவிடுவார். பொருள் மட்டும் கேட்கக் கூடாது. முப்பது வருஷமாக யாரும் கேட்கவுமில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம், பள்ளிப் பிள்ளைகளுக்கான சொற்பொருள் புத்தகம் ஒன்று அச்சுக்கு வந்தது. இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். பழங்கள், பறவைகள் எல்லாம் தாண்டி நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் திருட்டு வந்தது. ஸ்டீல் என்றால் திருடுவது. ராப் என்றால் ஆளை மிரட்டிப் பறிப்பது. ஸ்விண்டில், நம்ப வைத்து ஏமாற்றுவது. எம்பெசில், நம்பி ஒப்படைத்ததையே அமுக்கிக்கொள்வது. நம்ம ஆள் ‘ஆட்டையைப் போட்டான்’ என்று ஒரே பேச்சில் முடிப்பதற்கு வெள்ளைக்காரன் இத்தனை தினுசு வைத்திருக்கிறானே என்று சிரித்தபடி விரலை இறக்கினார். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

பில்ஃபரேஜ்: வேலை செய்யும் இடத்திலிருந்து சிறுகச் சிறுகத் திருடுதல்.

இந்தச் சொல்லை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பட்டாசுக் கம்பெனி ஏஜெண்டு சுந்தரபாண்டி வருஷா வருஷம் அடித்து வாங்கிப்போகும் தாளில் அது இருந்தது. முதல் வருஷம் டைப் அடித்த பெண் அதில் ஒரு ‘ஏ’யை விட்டுவிட்டாள். அசன் முகம்மதுதான் சிவப்புப் பேனாவால் அந்த ‘ஏ’யைச் சேர்த்தார். சுந்தரபாண்டிகூட அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்தத் தாளின் பெயர் பக்கத்துக் கிராமமான விஸ்வநத்தத்தில் பில்லு. இருளாண்டி அப்படித்தான் சொல்வான். அச்சாபீசில் விழும் கழிவுக் காகிதத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், அவனும் பெண்டாட்டி மாடத்தியும் வெடிக்குக் குழாய் உருட்டுவார்கள். சீசன் நெருங்கினால் சுந்தரபாண்டி வெடிமருந்தையும் வீட்டிலேயே இறக்கிவிடுவான். வீட்டில் மருந்து அடைக்கக் கூடாதென்பது ஊருக்கே தெரியும். அதனால்தான், லோடு இறங்கும்போதெல்லாம் ஒரு தாளில் இருளாண்டியிடம் கைநாட்டு. பில்ஃபரேஜ் என்று வாய்க்குள் நுழையாத ஒன்றைச் சொல்லி, பில்லு மாதிரிதான் என்று சுந்தரபாண்டி விளக்கியும் இருந்தான்.

ஆபீஸ் ஃபைலில் இருந்த மாதிரித் தாளை எடுத்து, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகத் தேடினார் அசன் முகம்மது. அரை நாள் பிடித்தது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் மருந்தைத் திருடி வந்தேன், என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு என்று இருந்தது. தேதிக்கு இடம் காலியாக விட்டிருந்தார்கள்.

மறுநாள் காகிதம் கட்ட வந்த இருளாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். நான் கைநாட்டு வைக்காவிட்டால் லோடு பக்கத்து வீட்டில் இறங்கும், அவ்வளவுதான் என்றான். ஏற்கெனவே எத்தனை தாள் கொடுத்திருக்கிறாய் என்றதற்கு அவனிடம் கணக்கில்லை. சைக்கிளைத் தள்ளும்போது மட்டும் திரும்பிப் பார்த்தான்.

“மாடத்திகிட்ட சொல்லிராதீக பாய். அவ பயந்தா கை நடுங்கும். மருந்துல கை நடுங்கக் கூடாது.”

ஆவணியில் சுந்தரபாண்டி அடுத்த ஆர்டரோடு வந்தான். அச்சுக்கு எடுத்து வைத்த பழைய ஃபிலிமே போதும் என்றான். அந்த ஃபிலிமில் ஒரு சொல் அசன் முகம்மதுவுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். டிக்கெட் எடுக்காமல் ரயிலேறினால் சாத்தூர் ஸ்டேஷனில் பிடித்து வைத்துக்கொண்டு சொல்வார்களே, வித்தவுட், அதுதான். பிளேடை எடுத்து ‘அவுட்’டைச் சுரண்டினார். நிர்வாகத்துக்குத் தெரியாமல் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்தே என்று ஆகிவிட்டது. வாழ்க்கையில் அவர் தெரிந்தே விட்ட ஒரே பிழை. பிடிபட்டால் வேலை போகும். ஆனால் சுந்தரபாண்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் அச்சடித்த தாள் கட்டை ஏற்றிக்கொண்டு போனான்.

போன வருஷத்துப் பழைய கட்டு தீர்ந்துவிட்டதா என்று கேட்க நா வரை வந்தது. கேட்டால் ஏன் என்பான். கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்து, புகை எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். விஸ்வநத்தம் பக்கம். அன்று பூராவும் அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருளாண்டி முகம்கூடத் தெரியாமல் கட்டுப் போட்டுக் கிடந்தான். அவன் மேலேயே கேஸ் போட்டு, கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தப்பிக்கவா போகிறான், பாவி மனுஷன். குழாய்க்காகப் பசை வாங்கக் கடைக்குப் போயிருந்ததால் மாடத்தி பிழைத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்ததென்று நாலாக மடித்த ஒரு நகலை முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள். கைநாட்டுக்கு மேலே போன வாரத் தேதி போட்டிருந்தது. காலியாக விட்டிருந்த இடம் இப்போது நிரம்பியிருந்தது.

அசன் முகம்மதுவின் கண் முதலில் போனது ‘வித்’துக்கு. பக்கத்தில் ‘அவுட்’ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பழைய கட்டு. அதன் கீழே பில்ஃபரேஜ், அவர் சேர்த்த ‘ஏ’யோடு.

“நீங்க இங்கிலீசு பாக்கிறவுக. கம்பெனி தந்த பில்லுதான பாய் இது? இதக் காட்டுனா கேசு நிக்காதுல்ல?”

அவர் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“பில்லு இல்ல தாயி. இருளாண்டி களவாணின்னு எழுதிருக்கு. ஒரு எழுத்து கொறைஞ்சிருந்துச்சு. அதயும் நாந்தான் சரி பண்ணிக் குடுத்தேன்.”