வசந்தி வேண்டாம் என்ற கடிகாரம்

பழைய பொருள் என்றால் எனக்கும் என் தோழி வசந்திக்கும் உயிர். மயிலாப்பூரில் பழைய சாமான் கடை ஒன்றில், டயலில் துருப்புள்ளி விழுந்த பெண்டுலம் கடிகாரத்தைப் பார்த்து மயங்கி நின்றேன்.

வசந்தி என் காதோரம், "வேணாம்டி, உள்ள மெஷினே போயிடுச்சு. ஏமாந்துடாத" என்றாள். நம்பி, மனசே இல்லாமல் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து அடையாறில் அவள் வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். காபி குடிக்கும்போது உள்ளறையில் டங், டங் என்று மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். அதே கடிகாரம், அதே துருப்புள்ளி!

"நீதான் வேணாம்னு வந்துட்டியேடி!" என்றாள், கொஞ்சமும் கூசாமல். பாதிக் காபியோடு எழுந்து வந்துவிட்டேன்.

பிடித்த பொருளைக் கண்டால் கடைக்காரரிடம் ஆசையைக் காட்டக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே வசந்திதான். இப்போதெல்லாம் உடன் வருபவர்களிடமும் காட்டுவதில்லை.